மாடி லேப்டாப்பில் புகுந்த வைரஸ், கீழ் வீட்டில் போன கோப்புகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மதுரையில் எங்கள் வீட்டில் கீழே நாங்கள், மாடியில் வாடகைக்கு ஒரு குடும்பம். இரண்டு வீட்டுக்கும் ஒரே ரூட்டர், ஒரே வைஃபை. மாதப் பணத்தைப் பாதிப் பாதியாகக் கட்டிவிடுவோம். எங்கள் தெருவில் பல வீடுகளில் இப்படித்தான், அதில் தப்பும் இல்லை. ஆனால் ரூட்டரைப் பங்கு போடும்போது வேறு எதையெல்லாம் சேர்த்துப் பங்கு போடுகிறோம் என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. எங்களுக்கு நடந்ததைப் படித்து நாலு வீடாவது முன்கூட்டியே சரிசெய்துகொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் வீட்டிலிருந்தே சிறு கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்குப் போட்டுக் கொடுப்பவன். மாடி வீட்டுத் தம்பி கல்லூரியில் படிக்கிறான், பிரிண்ட் எடுக்க அடிக்கடி கீழே வருவான். எதற்கு ஏறி இறங்க வேண்டும் என்று என் கணினியின் டி டிரைவை நெட்வொர்க்கில் எல்லாருக்கும் ஷேர் செய்து வைத்தேன், அதுவும் முழு அனுமதியோடு. அவன் லேப்டாப்பில் அது இன்னொரு டிரைவ் மாதிரியே தெரியும். போன ஆடி மாதம் அவன் ஒரு வீடியோ எடிட்டிங் சாஃப்ட்வேரின் கிராக் பதிப்பை, அதாவது காசு கட்டாமல் ஓடும்படி பூட்டு உடைத்த திருட்டுப் பதிப்பை, எங்கிருந்தோ இறக்கியிருக்கிறான். நிறுவும்போது ஆன்டிவைரஸை நிறுத்திவை என்று அதிலேயே எழுதியிருந்ததாம், நிறுத்தியும் இருக்கிறான். மறுநாள் காலையில் அவன் கோப்புகள் எதுவும் திறக்கவில்லை, என்னுடைய டி டிரைவிலும் அதே கதை. எல்லாக் கோப்பின் பெயருக்குப் பின்னாலும் புதிதாக ஏதோ எழுத்துகள், கூடவே பணம் கேட்டு ஒரு குறிப்பு.

என் கணினியிலும் ஆன்டிவைரஸ் இருந்தது, அப்டேட்டும் ஆகியிருந்தது. பிறகு ஏன் தடுக்கவில்லை என்று பல நாள் மண்டையைக் குடைந்தது. விஷயம் இதுதான்: அந்த ரான்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ், என் கணினியில் ஓடவே இல்லை. அது ஓடியது மாடி லேப்டாப்பில். அங்கிருந்து, நானே கொடுத்த அனுமதியை வைத்துக்கொண்டு, என் கோப்புகளைத் திறந்து பூட்டி எழுதிவிட்டுப் போயிருக்கிறது. என் கணினியைப் பொறுத்தவரை, அனுமதி உள்ள ஒருவர் கோப்பைத் திருத்துகிறார், அவ்வளவுதான்.

பணம் கட்டவில்லை. சித்திரையில் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்கில் நகல் எடுத்து பீரோவில் வைத்திருந்தேன், அது காப்பாற்றியது. அந்த டிஸ்க் கணினியிலேயே செருகி, அதுவும் ஷேரில் இருந்திருந்தால் அதுவும் போயிருக்கும். நடுவில் செய்த மூன்று மாத வேலையைத் திரும்ப உட்கார்ந்து ஏற்றினேன். தம்பியின் மேல் எனக்குக் கோபம் இல்லை, கதவைத் திறந்து வைத்தது நான்.

இப்படி ஷேர் இல்லாமலும் பரவும் வகை உண்டு. 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் சுமார் 150 நாடுகளில் கணினிகளைப் பூட்டியது நினைவிருக்கும். யாரும் எதையும் கிளிக் செய்ய வேண்டியதில்லை, விண்டோஸின் கோப்புப் பகிர்வில் இருந்த ஓட்டை வழியாக ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்கு அதுவே தாவியது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேராத ஒரு பழைய கணினி வீட்டில் இருந்தால், அதே வைஃபையில் இருக்கும் மற்றவர்களும் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்.

இப்போது எங்கள் வீட்டில் ரூட்டரில் கெஸ்ட் நெட்வொர்க்கை, அதாவது விருந்தினருக்கான தனி வைஃபையை, திறந்து மாடி வீட்டை அதற்கு மாற்றிவிட்டோம். இணையம் கிடைக்கும், என் கணினி அவர்கள் கண்ணுக்கே தெரியாது. உள் நெட்வொர்க்கைப் பார்க்க அனுமதிக்கும் டிக் சில ரூட்டரில் இருக்கும், அதை எடுத்துவிட வேண்டும். பிரிண்ட் எடுக்கத் தம்பி பழையபடி கீழே வருகிறான், பரவாயில்லை. டிவியும் கேமராவும் கெஸ்ட் பக்கம்தான். 2016இல் மிராய் என்ற மால்வேர் (கெடுதல் செய்யும் மென்பொருள்), தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாத கேமராக்களையும் ரூட்டர்களையும்தான் லட்சக்கணக்கில் பிடித்தது. அப்புறம் விண்டோஸில் வைஃபையை 'பப்ளிக்' என்று வைத்தேன். பிரைவேட்தான் பாதுகாப்பு என்று பெயரைப் பார்த்து நினைத்திருந்தேன், உண்மையில் பப்ளிக்கில்தான் நம் கணினி மற்றவற்றுக்குத் தெரியாமல் இருக்கும்.

இன்னொன்று, வைஃபை பாஸ்வேர்டு வேறு, ரூட்டரின் அமைப்புகளை மாற்ற உள்ளே நுழையும் அட்மின் பாஸ்வேர்டு வேறு. நம்மில் பலர் முதலாவதை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருக்கிறோம். வீட்டுக்குள் இருக்கும் ஒரு கணினியில் மால்வேர் புகுந்தால், 'அட்மின், அட்மின்' என்று இருக்கும் ரூட்டருக்குள் நுழைந்து டிஎன்எஸ் அமைப்பை (தளத்தின் பெயரை வைத்து அதன் முகவரியைக் கண்டுபிடித்துக் கொடுப்பது அதுதான்) மாற்றி, வங்கித் தளத்தைத் தேடுபவரைப் போலித் தளத்துக்கு அனுப்ப முடியும். அப்படி நடந்தால் எல்லார் போனும்தான் மாட்டும்.

பிராட்பேண்ட் நிறுவனங்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை. இணைப்புக் கொடுக்க வரும் தம்பிகள் ஸ்பீடு டெஸ்ட் காட்டிவிட்டுக் கிளம்புகிறார்கள். கூடவே ஐந்து நிமிடம் இருந்து, அட்மின் பாஸ்வேர்டை வீட்டுக்காரர் கையாலேயே மாற்றவைத்து, கெஸ்ட் நெட்வொர்க்கையும் திறந்து கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அதை வேலையின் ஒரு பகுதியாகவே எழுதிக் கொடுங்கள்.

உங்கள் நாளிதழும் இதைத் தமிழில் படங்களோடு ஒரு பக்கம் போட வேண்டும். மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா இலவசமாகத் தரும் மால்வேர் நீக்கும் கருவிகளையும், சைபர் குற்றப் புகாருக்கான 1930 எண்ணையும் அதில் சேர்த்துப் போட்டால், எங்கள் தெருவில் நானே வெட்டி நாலு வீட்டுக்குக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர், மதுரை