போட்டோ செயலிக்குக் கல்யாண ஆல்பம்தான் பரீட்சை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினி படிக்கும் பிள்ளைகள் சொந்த முயற்சியாகச் செய்து பார்க்கும் வேலைகளில், பலர் சேர்ந்து படம் போடும் ஆல்பம் செயலி முன்வரிசையில் நிற்கிறது. நல்ல தேர்வுதான். ஆனால் லாகின் பக்கம், லைக் பொத்தான், கமென்ட் பெட்டி என்றே உழைப்பு முழுவதும் போய்விடுகிறது. இணையத்தில் இறக்கிய பத்து மாதிரிப் படங்களை ஏற்றிக் காட்டினால் எந்தச் செயலியும் ஓடும். ஒரு கல்யாணத்துக்கு வந்த இருபது பேர் தத்தம் போனிலிருந்து 500 படம் ஏற்றும்போதுதான் வண்டவாளம் தெரியும்.

முதல் அடி ஏற்றும்போதே விழும். நாலைந்து எம்.பி. படம் போட்டதும் 413, அதாவது 'கோப்பு மிகப் பெரிது', என்று பிழை வரும். நிரலில் குற்றமில்லை. என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருள் நாம் மாற்றாதவரை 1 எம்.பி.க்கு மேல் வாங்காது. பிஎச்பி மொழியின் இயல்பு வரம்பு ஒரு கோப்புக்கு 2 எம்.பி., ஒருமுறை அனுப்பும் மொத்தத்துக்கு 8 எம்.பி. மூன்றையும் 30ஆக உயர்த்தினால் தீர்ந்தது. அடுத்தது பெயர். ஐஎம்ஜி 0001 என்ற கோப்பு பலர் கேமராவிலும் உண்டு. அதே பெயரில் சேமித்தால் அத்தை படம் மாமா படத்தை அழித்துவிடும். மூலப் பெயரைத் தரவுத்தள அட்டவணையில் குறித்துக்கொண்டு, கோப்புக்கு 128 பிட் தற்செயல் எண்ணைப் பெயராகத் தர வேண்டும். பகிரும் இணைப்புக்கும் அதேதான். முகவரி 41 என்று முடிந்தால், 42 என்று தட்டிப் பார்க்கும் ஆள் வராமலா போவார்?

படம் படுத்துக் கிடப்பது நிரந்தரத் தொல்லை. போனை நெட்டாகப் பிடித்து எடுத்தாலும் பல போன்கள் படத்தைக் கிடையாகவே எழுதி, 'திருப்பிக் காட்டு' என்று, கோப்புக்குள்ளேயே ஒட்டி வரும் எக்ஸிஃப் குறிப்பில் 6 என்ற எண்ணைப் போட்டு வைக்கும். பிரவுசர் அதைப் படித்து நிமிர்த்திக் காட்டும். நாம் சிறுபடம் தயாரிக்கையில் குறிப்பு உதிர்ந்துவிடுவதால், பெரிய படம் நேராகவும் சிறுபடம் சாய்ந்தும் தெரியும். குறிப்பைப் படி, நிமிர்த்து, அதன் பிறகே உதறு. இந்த வரிசை மாறக் கூடாது. உதறாமலும் விடக் கூடாது. போனில் இருப்பிட வசதி திறந்திருந்தால், வீட்டு வாசலில் எடுத்த படத்தில் அந்த வீட்டின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் ஒட்டிக்கொண்டு வரும்.

எல்லாவற்றிலும் சிக்கல் நேர வரிசைதான். ஏற்றிய நேரப்படி அடுக்கினால், ஊருக்குப் போய்ச் சாவகாசமாக ஏற்றிய சித்தப்பாவின் மாப்பிள்ளை அழைப்புப் படங்கள் கடைசியில் நிற்கும். ஆகவே எடுத்த நேரம் வேண்டும். அது எக்ஸிஃபில் இருக்கிறது. எந்த ஊர் நேரம் என்பது மட்டும் பல படங்களில் இருக்காது. அதைச் சொல்லும் புலம் 2016இல் வந்த எக்ஸிஃப் 2.31ஆம் பதிப்பில்தான் சேர்ந்தது. சிங்கப்பூர் உறவினரின் கேமராவில் அவ்வூர் நேரமே ஓடிக்கொண்டிருந்தால், காலை 7 மணிக்குக் கட்டிய தாலி 9.30 என்று பதிவாகிப் பந்திப் படங்களுக்குப் பின்னால் போய் உட்காரும். ஒவ்வொரு படமாகத் திருத்தச் சொல்வது வீண் வேலை. ஏற்றியவர், கேமரா மாடல் இரண்டையும் சேர்த்து அட்டவணையில் ஒரு வரி. அதில் நிமிடக் கணக்கில் −150 என்று ஒரே திருத்தம். அவருடைய 80 படமும் ஒரு சொடுக்கில் இடத்துக்கு வந்துவிடும். மூல நேரத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தில் எடுத்த நேரம் இருக்காது. ஆண்ட்ராய்டு போனில் கோப்புப் பெயரில் தெரியும் தேதியும் அனுப்பிய நாளே ஒழிய எடுத்த நாள் அல்ல. டாக்குமென்டாக அனுப்பினால் குறிப்பு தப்பும்.

ஐபோன் படத்தை மடிக்கணினிக்கு மாற்றி அங்கிருந்து ஏற்றினால் பெரும்பாலும் ஹெச்இஐசி என்ற ஆப்பிள் போன்களின் பட வடிவில் வரும். குரோம் பிரவுசர் அதைக் காட்டாது. சர்வரில் எல்லா பிரவுசரும் காட்டும் ஜேபெக் வடிவாக்க வேண்டும். நோடு ஜேஎஸ்ஸில் (சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் மென்பொருள்) படங்களைக் கையாளப் பலரும் எடுக்கும் ஷார்ப் என்ற நிரல் நூலகம், அப்படியே நிறுவினால் இதைத் திறக்காது. அதற்கு அடியில் இயங்கும் லிப்விப்ஸ் நூலகத்தை ஹெச்இஐசி ஆதரவோடு நாமே கம்பைல் செய்ய வேண்டும். நினைவகத்தையும் கவனிக்க வேண்டும். 50 மெகாபிக்சல் படத்தை முழுதாக விரித்தால் 150 எம்.பி.; பத்துப் படம் ஒன்றாக வந்தால் 1 ஜி.பி. நினைவகமுள்ள சர்வர் படுத்துவிடும். வரிசையில் நிறுத்தி இரண்டிரண்டாக அனுப்பினால் போதும்.

ஆல்பம் தலைப்பை இருவர் ஒரே சமயத்தில் திருத்தினால் பின்னால் சேமித்தவர் எழுதியதே மிஞ்சும். பதிப்பு எண் ஒன்று வைத்து, திறந்தபோது இருந்த எண் மாறியிருந்தால் சேமிக்க மறுப்பது எளிய வழி. மொத்தமாக இறக்கும் ஜிப் கோப்பைச் சுருக்க முயல வேண்டாம். ஜேபெக் ஏற்கெனவே சுருங்கியதுதான், சர்வருக்குத்தான் மூச்சு வாங்கும்.

செய்முறைத் தேர்வுக்கு வரும் பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். நெட்டாகப் பிடித்து எடுத்த படம் ஒன்று, வாட்ஸ்அப்பில் வந்தது ஒன்று, ஐபோனிலிருந்து மடிக்கணினிக்கு மாற்றியது ஒன்று. இந்த மூன்றையும் கையோடு கொண்டுபோய் மாணவரின் செயலியில் ஏற்றிப் பாருங்கள். ஐந்து நிமிடம் போதும்.

இப்படிக்கு,
வலைச்செயலி நிரலாளர்கள் சிலர்,
கோயம்புத்தூர்.