கை மடங்க மாதங்கள் ஆகும்

ஆசிரியருக்கு வணக்கம்.

நரம்பு அறுந்து கை செயலிழந்தவர்களுக்குத் தொடைத் தசையை எடுத்து வைக்கும் அறுவை சிகிச்சை பற்றிய கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் தையல் போட்டதும் கை மடங்கிவிடும் என்பதுபோல அது முடிந்துவிட்டது. பிசியோதெரபிஸ்டாக இந்த நோயாளிகளோடு பழகுகிறவள் என்பதால் மிச்சத்தையும் சொல்ல வேண்டும்போல் இருக்கிறது.

பைக் விபத்தில் தோள் ஒரு பக்கமும் கழுத்து ஒரு பக்கமும் இழுபடும்போது, கைக்குப் போகும் நரம்புப் பின்னல் கிழிகிறது. சில சமயம் நரம்பு வேர்களே தண்டுவடத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். நரம்புத் தொடர்பு இழந்த தசையும் நமக்காகக் காத்திருக்காது. ஒன்றரை வருடம் போனால் நரம்பை இணைத்தும் பெரிய பயன் இருக்காது. அப்படித் தாமதமானவர்களுக்கும், வேர்கள் பிடுங்கப்பட்ட சிலருக்கும்தான் உள்தொடையின் கிராசிலிஸ் தசையை அதன் ரத்தக் குழாய், நரம்போடு எடுத்துக் கையில் வைக்கிறார்கள். சொந்தத் தசை என்பதால் சிறுநீரக மாற்றுக்குப் பிறகு சாப்பிடுவதுபோல் ஆயுள் முழுக்க மாத்திரை வேண்டாம். நடையும் பெரிதாகப் பாதிக்காது, பக்கத்துத் தசைகள் சமாளித்துக்கொள்ளும்.

ரத்த ஓட்டம் வந்ததும் தசை பிழைத்துக்கொள்ளும், சரி. அசைவு அப்போதே வராது. நரம்பு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் வளரும். முதல் துடிப்புக்கே மாதங்கள் ஆகும், பயன்படும் அளவுக்கு வலு வர ஒன்றிரண்டு வருடம்கூட ஆகலாம். அதற்குள் 'ஆபரேஷன் பலிக்கவில்லை' என்று முடிவுகட்டிப் பயிற்சியை விட்டுவிடுகிறவர்களைப் பார்த்தால் மனசு ஆறுவதில்லை. முழங்கை இறுகிப்போனால், அப்புறம் தசைக்கு உயிர் வந்தும் மடக்க முடியாதே!

கையில் வைத்த தசையோடு இணைக்கப்படுவது பல சமயம் விலா எலும்புகளுக்கு நடுவே ஓடும் நரம்பு. அது மூச்சுக்கானது. அதனால் ஆரம்பத்தில் ஆழமாக மூச்சை இழுத்தால்தான் தசை சுருங்கும், இருமினால் கை தானாகத் துடிக்கும். 'மூச்சை இழுங்கள், கையை மடக்குங்கள்' என்று திரும்பத் திரும்பப் பழக்குவோம். செய்யச் செய்ய மூளை புது வழியைப் பிடித்துக்கொள்ளும். பிறகு மூச்சை நினைக்காமலே கையை மடக்குவார்கள். எத்தனை பேரிடம் பார்த்தாலும் எனக்கு இது அதிசயம்தான்.

எதிர்பார்ப்பையும் அளவோடு சொல்லியிருக்கலாம். முழங்கை மடங்குவதே இதில் ஓரளவு நம்பிக்கையோடு எதிர்பார்க்கக்கூடிய பலன். ஜப்பானிய மருத்துவர் கசுதெரு டோய் இரண்டு தசைகளை இரு கட்டமாக வைத்து, பொருளைப் பிடிக்கும் திறனையும் ஓரளவு மீட்கும் முறையை உருவாக்கினார். அதிலும் பொத்தான் போடுகிற நுணுக்கம் விரல்களுக்குத் திரும்புவது அரிது.

அடுத்த முறை, விபத்துக்குப் பிந்தைய முதல் மாதங்களைப் பற்றியும் எழுதுங்கள். 'தானாகச் சரியாகும்' என்று வீட்டில் இருந்துவிடாமல், 3 முதல் 6 மாதத்துக்குள் நரம்பு அறுவை சிகிச்சை செய்கிற மருத்துவரிடம் காட்டினால், தொடையில் கை வைக்காமலே பலருக்குக் கையின் சொந்தத் தசையை மீட்க வாய்ப்பு இருக்கிறது.

இப்படிக்கு,
பிசியோதெரபிஸ்ட் வாசகி ஒருவர்