மெடிக்கல் கடை அண்ணாச்சிக்கு

அண்ணாச்சி,

தாராவியில் உடம்பு சரியில்லை என்றால் எல்லாரும் முதலில் வருவது உங்கள் கடைக்குத்தான். டாக்டரிடம் போய் உட்கார்ந்தால் அன்றைய கூலி போச்சு. அதனால் நீங்கள் மருந்து கொடுப்பதே தப்பு என்று நான் சொல்லமாட்டேன். சளிக்கும் வயிற்றுப்போக்குக்கும் செஃபிக்சிம் என்கிற ஆன்டிபயாடிக் அட்டையில் நாலு மாத்திரையைக் கத்தரித்துத் தருகிறீர்களே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் குழந்தைகள் புற்றுநோய் வார்டில் நர்ஸ் என்பது உங்களுக்குத் தெரியும். கீமோ ஏறினால் வெள்ளையணுக்கள் சரியும். அதிலும் கிருமியோடு முதலில் மோதுகிற நியூட்ரோஃபில் வகை 500க்குக் கீழே போய்விட்டால் எங்களுக்கு உதறல்தான். குடலின் உள்பக்கமும் புண்ணாகியிருக்கும். வயிற்றில் சும்மா கிடக்கிற ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்ற கிருமிகள் அந்த வழியாக ரத்தத்தில் இறங்கிவிடும். சீழ் கட்டக்கூட வெள்ளையணு இல்லாத உடம்பில் பெரும்பாலும் காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். ஒரு மணி நேரத்துக்குள் ஊசி மருந்து ஏறியாக வேண்டும்.

ரத்தத்தைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கிற சோதனைக்கு, அனுப்பினால், கிருமி எதற்குக் கட்டுப்படும் என்று தெரிய இரண்டு மூன்று நாளாகும். அதுவரை குத்துமதிப்புதான். ரிப்போர்ட்டில் மருந்துப் பெயர்களுக்கு எதிரே வரிசையாக 'ஆர்' என்று இருக்கும். கட்டுப்படாது என்று அர்த்தம். நாங்கள் ஏற்றுகிற பலமான ஊசி மருந்தான மெரோபெனமுக்கும் 'ஆர்' என்றால் அதுவரை ஏற்றியது வீண். அப்புறம் கோலிஸ்டின். சிறுநீரகத்தைக் கெடுக்கிறதென்று ஒரு காலத்தில் ஓரங்கட்டிய பழைய மருந்து. அதை ஏற்றிக்கொண்டே, நனைந்த டயப்பரை எடை போட்டுச் சிறுநீர் குறைகிறதா என்று பார்ப்போம்.

அந்தக் கிருமி உங்கள் கடையிலிருந்து கிளம்பியது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரிகளிலும் வளர்கிறது, கோழிப் பண்ணைகளிலும் வளர்கிறது. 2019இல்தான் கோழிக்குக் கோலிஸ்டின் கொடுப்பதையே நம் நாட்டில் தடை செய்தார்கள்! ஆனால் செஃபிக்சிம் தின்றவர் குடலில் அதற்கு மசியாத கிருமி மிஞ்சும். பொதுக் கழிப்பறை உள்ள சந்தில் அது ஒரு வீட்டோடு நிற்காது. அந்த வகை மருந்துகளுக்கு மசியாதவை பெருகப் பெருக, நாங்கள் எடுத்த எடுப்பிலேயே மெரோபெனத்தில் கை வைக்க வேண்டியிருக்கிறது.

2014லிருந்து செஃபிக்சிம் ஹெச்1 பட்டியலில் இருக்கிறது. டாக்டர் சீட்டு வேண்டும், தனி ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். உங்களுக்குத் தெரியாததா? நீங்கள் தராவிட்டால் பக்கத்துக் கடைக்காரர் தருவார் என்பீர்கள். தருவார்தான். கொஞ்சம் வியாபாரம் போகும், அதை மறைத்துப் பேச எனக்கு இஷ்டமில்லை. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் ஓஆர்எஸ் பாக்கெட்டும் ஜிங்க்கும் கொடுங்கள். ரத்தம் போனால் டாக்டரிடம் அனுப்புங்கள்.

இன்னொன்று. கீமோ நடக்கிற பிள்ளைக்குக் காய்ச்சல், ஒரு பாராசிட்டமால் கொடுங்கள் என்று யாராவது வந்தால் கொடுக்காதீர்கள். சூடு தணிந்ததும் விடியட்டும் பார்க்கலாம் என்று படுத்துவிடுவார்கள். ராத்திரி இரண்டு மணியானாலும் டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
பின்சந்து நர்ஸ்