மாரடைப்புக்கு கம்பி விட்டு குத்தச் சொன்னவ எழுதுறேன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல, சின்ன வயசுல எதையெல்லாம் நம்பினோம்னு வாசகர்கள் எழுதினத ஒரு பக்கம் முழுக்க போட்டிருந்தீங்க, காலைல அதப் படிச்சிட்டு நான் சிரிச்ச சிரிப்புல தூங்கிட்டு இருந்த ரெண்டு பேர் எழுந்து வந்து என்னாச்சுன்னு கேட்டாங்க, அவ்ளோ நல்லா இருந்துச்சு. ஆனா பக்கத்தோட கடைசில பொடி எழுத்துல "அறியாமைக்கு எல்லையே இல்லை"ன்னு ஒரு வரி போட்டீங்க பாருங்க, அதுதான் உறுத்துது. மூணு நாளா உறுத்துது, அதான் இந்த லெட்டர். போன்ல தமிழ் டைப் பண்ண பழகினதே போன வருஷம்தான், நீளமா போனா பொறுத்துக்கோங்க. வெட்டணும்னா ரேடியோ மேட்டரை வேணா வெட்டுங்க, மாரடைப்பு மேட்டர்ல கை வைக்காதீங்க.

1974ல எனக்கு ஏழு வயசு. பெரியப்பாவுக்கு மாரடைப்புன்னு வீடே பதறிக்கிட்டு இருக்கு, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஆளுங்க ஓடுறாங்க, எங்களுக்கு யாரும் ஒண்ணும் சொல்லல. எனக்கு தெரிஞ்ச அடைப்பு ஒண்ணே ஒண்ணுதான், பாத்ரூம் குழாய் அடைப்பு. அதுக்கு முந்தின வாரம்தான் ஒருத்தர் வந்து நீளமா ஒரு கம்பிய உள்ள விட்டு குத்தி எடுத்தாரு, தண்ணி சர்ருனு போச்சு, நான் பக்கத்துல நின்னு பாத்தேன். அதனால அழுதுக்கிட்டு இருந்த பாட்டிகிட்ட போயி, "அடைப்புதான பாட்டி, அந்த ஆள கூப்டு கம்பி விட்டு குத்தச் சொல்லேன்"னு சொன்னேன். முதுகுல ஒண்ணு விழுந்துச்சு. எந்த நேரத்துல என்ன பேசுதுன்னு பாருன்னு திட்டு வேற.

1977 செப்டம்பர் 16ம் தேதி, சுவிட்சர்லாந்து ஜூரிச்ல ஆண்ட்ரியாஸ் க்ருன்ட்ஸிக்னு ஒரு டாக்டர், சுயநினைவோட இருந்த ஒரு நோயாளிக்கு தொடை பக்கம் ரத்தக்குழாய் வழியா மெல்லிசா ஒரு குழாய இதயம் வரைக்கும் விட்டு, அதோட நுனில இருந்த குட்டி பலூனை ஊதி அடைப்ப விலக்கிவிட்டாரு. இன்னிக்கு நாம ஆஞ்சியோபிளாஸ்டின்னு சாதாரணமா சொல்றது அதத்தான். மூணு வருஷம் முன்னாடியே சொன்னவ நான், எனக்கு கிடைச்சது முதுகுல அடி. (பெரியப்பா அப்புறம் பல வருஷம் நல்லா இருந்தாரு, பயப்படாதீங்க.)

நான் என்னமோ மேதைன்னு சொல்ல வரலைங்க. அந்த ஏழு வயசுல எனக்கு கையில இருந்தது ஒரு வார்த்தை, ஒரு குழாய், ஒரு கம்பி. அத வச்சு கணக்கு போட்டேன். அறியாமைன்னா கணக்கே போடாம இருக்கறது இல்லையா?

எங்க தலைமுறை ஆளுங்கள கேட்டுப் பாருங்க, பாதி கூத்து நம்ம பாஷையாலயே வந்ததுதான். பெரியவங்க பேச்ச அப்படியே வார்த்தைக்கு வார்த்தை எடுத்துக்கறது. "வட்டி குட்டி போடுது"ன்னு அப்பா கவலையா சொன்னப்ப எனக்கு ஒரே சந்தோஷம், எப்படியும் ஒரு குட்டிய நமக்கு தருவாங்கன்னு ராத்திரி தூங்கவே இல்ல. ஒரு மாமாவப் பத்தி "அவனுக்கு கொஞ்சம் கை நீளம்"னு அம்மா குசுகுசுன்னு சொன்னது காதுல விழுந்து, அவரு அடுத்த தடவ வந்தப்ப பக்கத்துல உக்காந்து என் கையையும் அவர் கையையும் வச்சு அளந்து பாத்து, "அம்மா, மாமாவுக்கு ஒண்ணும் அவ்ளோ நீளமா இல்லையே"ன்னு சத்தமா கேட்டேன். அப்புறம் அந்த மாமா ரொம்ப நாள் எங்க வீட்டுப் பக்கமே வரல. ஆட்குறைப்புன்னு பேப்பர்ல போட்டிருந்தத எழுத்துக்கூட்டி படிச்சிட்டு, ஆளுங்கள எப்படி குட்டையாக்குவாங்கன்னு தம்பி கேட்டான், எனக்கும் தெரியல, மெஷின் இருக்கும்னு சொன்னேன். தம்பி இன்னமும் அத சொல்லி என்ன ஓட்டுவான், அவன் நம்பினத மட்டும் மறந்துட்டான்!

விதை மேட்டர் உங்க பக்கத்துலயே நாலு பேர் எழுதியிருந்தாங்க. முழுங்கின விதை வயித்துல மரமாயிடும்னு. ஸ்கூல்ல அப்பதான் சொல்லிக் குடுத்திருந்தாங்க, விதை முளைக்க ஈரம் வேணும் கதகதப்பு வேணும்னு. வயித்துக்குள்ள ஈரமும் இருக்கு கதகதப்பும் இருக்கு, பாடத்துல சொன்னதெல்லாம் இருக்கே! அதனால நான் என்ன பண்ணேன்னா விதைக்கு தண்ணி ஊத்தக் கூடாதுன்னு ஒரு நாள் முழுக்க தண்ணியே குடிக்கல. வயித்துல அமிலம் இருக்கு, விதைக்கு வேண்டிய காத்து கிடைக்காது, முளைக்கறதுக்குள்ள அது வெளிய போயிடும்னெல்லாம் அந்த பாடத்துல இல்லையே. இதுல இன்னொண்ணு, 2010ல அமெரிக்கால மாசச்சூசெட்ஸ்ல ஒரு பெரியவருக்கு நெஞ்சுல ஏதோ இருக்கு, புத்துநோயா இருக்குமோன்னு பயந்து போய் பாத்தா, நுரையீரலுக்குள்ள ஒரு பட்டாணி முளைவிட்டு நின்னுச்சாம், சாப்பிடும்போது வழி மாறி உள்ள போயிருக்கு. அந்த செய்தி வந்த அன்னிக்கு, சின்ன வயசுல என்ன பாத்து சிரிச்ச அத்தன பேருக்கும் போன் போட்டு சொன்னேன். வயிறு இல்ல நுரையீரல்னு ஒருத்தர் திருத்தினாரு, சரி போகட்டும்.

நிலா கூடவே வர்றது எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான். நானும் பெரியப்பா பொண்ணும் ஆளுக்கொரு பக்கம் ஓடிட்டு திரும்பி வந்து, என் கூடத்தான் வந்துச்சு இல்ல என் கூடத்தான்னு முடிய புடிச்சு சண்ட போட்டிருக்கோம். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, நாம நடந்தா மரம் பின்னாடி போகுது, விளக்கு கம்பம் பின்னாடி போகுது, வீடு பின்னாடி போகுது, நிலா மட்டும் போகல. கூடவே நடந்து வர்ற ஆளும் அதே மாதிரிதான் பக்கத்துலயே இருக்கான். அப்ப நிலாவும் நடந்து வருதுன்னுதானே அர்த்தம்? அது சுமாரா 3,84,400 கிலோமீட்டர் தள்ளி இருக்கு, நாம ஒரு கிலோமீட்டர் ஓடினாலும் அது இருக்கற திசை கண்ணுக்கு தெரியற அளவு மாறாதுன்னு அந்த வயசுல எவன் வந்து சொன்னான்?

இந்த மாதிரி பதிலையெல்லாம் உக்காந்து கேட்ட மனுஷன் ஒருத்தர் இருந்தாரு, ழான் பியாஜேன்னு, சுவிட்சர்லாந்துக்காரர். 1920 வாக்குல பாரிஸ்ல பசங்களுக்கான புத்திக்கூர்மை டெஸ்ட் சம்பந்தமா ஒரு வேலைக்கு போனவரு, எது சரியான விடைன்னு எண்ணறத விட்டுட்டு, இந்த தப்பான விடை எங்கருந்து வருதுன்னு குடைய ஆரம்பிச்சாரு, வாழ்நாள் முழுக்க அதே வேலையாயிடுச்சு. நிலா கூட வருதுங்கறதும், மரம் ஆடறதாலதான் காத்து வருதுங்கறதும் அவர்கிட்ட பசங்க சொன்ன பதில்தான். மரம் ஆடி காத்து வருதுன்னா சிரிப்பு வருதா, அந்தப் புள்ள ஃபேன் சுத்தி காத்து வர்றத தினமும் பாக்குதுங்க, விசிறி ஆட்டினா காத்து வர்றதையும் பாக்குது.

ரேடியோவ சட்டுனு சொல்லிடறேன். பழைய வால்வ் ரேடியோ, பின்னாடி ஓட்டை வழியா எட்டிப் பாத்தா உள்ள குட்டி குட்டியா வெளிச்சம் எரியும், யாரோ குடியிருக்காங்கன்னு நினைக்காம என்ன நினைக்கறது? ராத்திரி அவங்களுக்கு குளிருமேன்னு ஒரு துணித்துண்ட அந்த ஓட்டைல சொருகி வச்சேன். ரிப்பேர் பண்ண வந்தவரு அத வெளிய எடுத்து ஆட்டிக் காட்டினப்ப நான் வாயே தொறக்கல.

உலகம் உருண்டைங்கறது இன்னும் வேடிக்கை. டீச்சர் உருண்டைன்னு சொன்னாங்க, ஒத்துக்கிட்டேன். ஆனா காலுக்கு கீழ பாத்தா தட்டையா இருக்கு. டீச்சரும் பொய் சொல்ல மாட்டாங்க என் கண்ணும் பொய் சொல்லாது, அதனால நாம உருண்டைக்கு உள்ள, அடில தட்டையா இருக்கற தரைல இருக்கோம், மேல மூடி மாதிரி தெரியறது வானம்னு முடிவு பண்ணிட்டேன். இத வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டே வளந்தேன். போன வருஷம் பேத்திக்காக ஏதோ தேடினப்பதான் தெரிஞ்சுது, 1992ல ஸ்டெல்லா வோஸ்னியாடு, வில்லியம் ப்ரூவர்னு ரெண்டு பேர் 60 பசங்கள கேட்டு ஒரு ஆய்வு போட்டிருக்காங்க, அதுல அச்சு அசலா என் உருண்டைய சில பசங்க சொல்லியிருக்காங்க! வேற சில பேர் ரெண்டு பூமி இருக்கு, உருண்டையா இருக்கறது மேல வானத்துல இருக்கு, நாம இருக்கறது தட்டைன்னு சொல்லியிருக்காங்க. யாரும் சொல்லிக் குடுக்காம, முன்ன பின்ன தெரியாத பசங்க நான் வந்த இடத்துக்கே வந்து நின்னிருக்காங்க. எனக்கு கண்ணே கலங்கிடுச்சு.

சரி, பெரியவங்க மட்டும் என்ன? 1987ல வந்த ஒரு டாக்குமெண்டரில ஹார்வர்டு பட்டமளிப்பு விழாவுல நின்னுட்டு இருந்த 23 பேர்கிட்ட, வெயில் காலமும் குளிர் காலமும் ஏன் வருது, நிலா ஏன் தேயுது வளருதுங்கற மாதிரி கேட்டிருக்காங்க, படிக்கறவங்க, சொல்லிக் குடுக்கறவங்க, படிச்சு முடிச்சவங்க எல்லாரும் கலந்துதான். 21 பேர் தப்பு. வெயில் காலத்துல பூமி சூரியன் பக்கத்துல போயிடுதுன்னு கம்பீரமா சொல்லியிருக்காங்க. நெசத்துல பூமி சூரியனுக்கு ரொம்ப பக்கத்துல இருக்கறது ஜனவரி ஆரம்பத்துல, சுமாரா 14.7 கோடி கிலோமீட்டர், ஜூலைல 15.2 கோடி. அமெரிக்காவுல ஜனவரில பனி கொட்டும்! காரணம் தூரம் இல்ல, பூமி சுமாரா 23.5 டிகிரி சாஞ்சு நிக்கறது. அவங்களும் நெருப்பு கிட்ட போனா சுடும்ங்கற கணக்கதான் போட்டாங்க. அவங்க பக்கத்துல யாரும் "அறியாமைக்கு எல்லையே இல்லை"ன்னு பொடி எழுத்துல போடல.

என்னோட கோரிக்கை சின்னதுதான். பக்கத்த நிறுத்திடாதீங்க, ஞாயித்துக்கிழமை எனக்கு அதுதான் முதல்ல. எழுதறவங்ககிட்ட எதை நம்பினீங்கன்னு கேக்கறதோட, ஏன் அப்படி நினைச்சீங்கன்னும் ரெண்டு வரி கேட்டு வாங்கிப் போடுங்க. உண்மையான சுவாரஸ்யம் அங்கதான் இருக்கு. அந்த கடைசி வரிய எடுத்துடுங்க, அந்த இடத்துல இன்னொருத்தர் கதை ஒண்ணு போடலாம்.

முடிக்கறதுக்குள்ள இது ஒண்ணு. என் பேத்திக்கு ஆறு வயசு. போன வாரம் நல்ல மழை, ஜன்னல்கிட்ட நின்னுக்கிட்டு, "பாட்டி, நம்ம போட்டோ எல்லாம் நனைஞ்சிடாதா"ன்னு கேட்டா. எனக்கு புரியல. போட்டோ எல்லாம் கிளவுட்ல இருக்குன்னு அவ அப்பா சொல்லியிருக்கான். நான் பழைய அடிய நினைச்சுக்கிட்டு பொறுமையா உக்காந்து, அது மேகம் இல்லடா கண்ணு, எங்கயோ ஒரு பெரிய கட்டடத்துல கம்ப்யூட்டர் வரிசையா அடுக்கி வச்சிருக்காங்க, நம்ம போட்டோ அதுல இருக்கு, வேற நாட்டுல இருந்தா கடலுக்கு அடில போட்டிருக்கற கேபிள் வழியா நம்மகிட்ட வரும்னு சொன்னேன். கொஞ்ச நேரம் என் மூஞ்சியவே பாத்தா, அப்புறம் விழுந்து விழுந்து சிரிச்சா. "போ பாட்டி, கடலுக்குள்ளயா! உனக்கு ஒண்ணுமே தெரியல"ன்னுட்டு அவ அப்பன்கிட்ட சொல்ல ஓடிட்டா.

இப்படிக்கு,
உங்க பேப்பரோட பழைய வாசகி