கொண்டை ஊசி வளைவுக்குப் பின்கோடு கிடையாது: கார் கம்பெனிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் சேவைப் பிரிவினருக்கு,

வணக்கம். என் புகார் தீர்க்கப்பட்டுவிட்டதாகப் போன வாரம் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தீர்கள். யார் தீர்த்தார்கள், எதைத் தீர்த்தார்கள் என்று அதில் இல்லை. அதனால் இந்தத் தடவை நாலு பேர் பார்க்கிற மாதிரி எழுதுகிறேன். வண்டி எண், வாங்கிய தேதி, நான் அனுப்பிய மூன்று மின்னஞ்சல்கள் எல்லாம் உங்களிடமே இருக்கின்றன. திரும்பச் சொல்லப்போவதில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் ஆட்டோமேட்டிக் காரின் மீட்டரில் எரிகிற விளக்குகளுக்குத் தமிழிலும் மலையாளத்திலும் ஒரே ஒரு தாள் அடித்துக் கொடுங்கள். எது எரிந்தால் வண்டியை உடனே நிறுத்த வேண்டும், எது எரிந்தால் மெதுவாக ஊர் போய்ச் சேரலாம், எது வெறும் நினைவூட்டல். அவ்வளவுதான்.

அன்று ஐப்பசி மழை. காய் எடுப்பு நேரம். பூப்பாறையில் எங்களுக்கு இரண்டரை ஏக்கர் ஏலத்தோட்டம் இருக்கிறது. போடியிலிருந்து நானும் வீட்டுக்காரியும் கிளம்பினோம். தோட்டத்தைப் பார்த்து நாளாச்சு என்று எண்பத்து மூன்று வயது அம்மாவும் பின் சீட்டில் ஏறிக்கொண்டார். போடிமெட்டுச் சாலையில் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். கீழிருந்து எண்ணினால் பதினொன்றாவதில் எங்களுக்கு முன்னால் ஒரு லாரி திரும்ப முடியாமல் நின்றுவிட்டது. பின்னால் வரிசை கட்டிவிட்டார்கள். ஓரடி நகர்வது, நிற்பது, மறுபடி ஓரடி. பிரேக்கை விட்டால் வண்டி பின்னால் வழுக்குகிறது. அதனால் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தே ஏற்றத்தில் வண்டியைப் பிடித்து வைத்திருந்தேன். முப்பத்தொரு வருடம் ஜீப்பில் அரை கிளட்சில் இப்படித்தான் நின்று பழக்கம். ஆனால் ஜீப்பில் கிளட்ச் என் காலடியில் இருந்தது. அதற்குச் சூடேறினால் பாதத்துக்கே தெரிந்துவிடும்.

கால் மணி நேரம் போயிருக்கும். மீட்டரில் மஞ்சளாக ஒரு பல்சக்கரம் எரிந்தது. நடுவில் ஆச்சரியக்குறி. எனக்கும் ஆச்சரியமாகத்தான் இருந்தது. ‘டிங், டிங்’ என்று விடாமல் ஒரு சத்தம். கியரைக் காட்டும் எழுத்து மின்னி மின்னி அணைந்தது. அப்புறம் சணல் சாக்கைத் தீயில் போட்ட மாதிரி ஒரு கருகல் வாசனை.

டேஷ்போர்டு பெட்டியிலிருந்து கையேட்டை எடுத்தாள் வீட்டுக்காரி. செங்கல் கனத்துக்கு இருக்கிறது, முழுக்க ஆங்கிலம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, செல்போன் வெளிச்சத்தில், எழுத்துக் கூட்டிக் கூட்டிப் பக்கம் தேடினாள். மூடுபனியில் ஜன்னலெல்லாம் வெள்ளை. ஒரு வழியாகப் பல்சக்கரத்தைக் கண்டுபிடித்தாள். படத்துக்கு எதிரே எழுதியிருந்தது இவ்வளவுதான்: கூடிய சீக்கிரம் அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் காட்டவும். டீலர் தேனியில் இருக்கிறார். நாங்கள் பதினொன்றாவது வளைவில் இருக்கிறோம். இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு உங்கள் கையேட்டில் ஒரு வரிகூட இல்லை.

சரி, உதவி எண்ணுக்கு அடித்தேன். அந்த மலையில் செல்போன் ஒரு நேரம் தமிழ்நாட்டு டவரைப் பிடிக்கும், ஒரு நேரம் கேரள டவரைப் பிடிக்கும். இந்திக்கு ஒன்றை அழுத்து, ஆங்கிலத்துக்கு இரண்டை அழுத்து என்று முடிந்து, ஒரு பெண் குரல் வந்தது. முதல் கேள்வி, “உங்கள் இடத்தின் பின்கோடு சொல்லுங்கள் சார்.” அம்மா, கொண்டை ஊசி வளைவுக்குப் பின்கோடு கிடையாது என்றேன். “எந்த மாநிலம் சார்?” வண்டி நிற்பது தமிழ்நாட்டில், இன்னும் ஆறு வளைவு ஏறினால் கேரளா என்றேன். எந்த மாநிலத்து இழுவை வண்டியை அனுப்புவது என்று மேலே கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டு அவர் போனபோது சிக்னலும் கூடவே போய்விட்டது.

பின் சீட்டிலிருந்து அம்மா கேட்டார், “ஏன்டா, நல்லா இருந்த ஜீப்ப எதுக்குடா வித்தே?”

என் இடது முழங்காலில் ஆபரேஷன் ஆகி, கிளட்ச் மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதால்தான் உங்கள் காரை வாங்கினேன். இதையும் புகாரில் எழுதியிருக்கிறேன்.

எங்களைக் காப்பாற்றியது நீங்கள் இல்லை. தோட்ட ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்த ஒரு ஜீப் டிரைவர். இருபத்தைந்து வயது இருக்கும். இறங்கி வந்து ஒரு மோப்பம் பிடித்தான். “ஐயா, கிளட்ச் கொதிச்சிருச்சு. நியூட்ரல்ல போட்டு ஹேண்ட்பிரேக்க இழுங்க. ஆக்சிலேட்டர்ல நிப்பாட்டாதீங்க, அதுதான் தின்னுருது. இருபது நிமிஷம் ஆறட்டும்.” பின் டயருக்கு ஒரு கல்லையும் முட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். வாசனை அடங்கியது, பல்சக்கரமும் அணைந்தது. கியரை நாமே மாற்றிக்கொள்ளும் ‘M’ நிலைக்கு லீவரைத் தள்ளி முதல் கியரிலேயே மெட்டுக்கு ஏறிவிட்டோம். அவன் சொன்னது நாலு வாக்கியம். அதை ஒரு தாளில் அடிக்கத்தான் உங்களைக் கேட்கிறேன்.

பிறகு விசாரித்தபோதுதான் புரிந்தது. 2014-இல் மாருதி செலேரியோவில் ஆரம்பித்து, நம் ஊர்ச் சின்ன கார்கள் நிறையவற்றில் வந்திருப்பது ஏஎம்டி என்ற கியர் அமைப்பு. அது பேருக்குத்தான் ஆட்டோமேட்டிக். உள்ளே இருப்பது சாதாரண கியர்பாக்ஸும் சாதாரண கிளட்ச் தட்டும்தான். என் காலுக்குப் பதிலாக ஒரு மோட்டார் கிளட்சை மிதிக்கிறது. ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை வைத்தே நின்றால் தட்டு உரசி உரசிக் கொதிக்கும். கிளட்ச் தட்டுக்குப் பதிலாக எண்ணெய் வழியாகவே சக்தியைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் வைத்த வண்டியில் சூடாவது எண்ணெய். இரண்டுக்கும் பல்சக்கரப் படம் போடுகிறார்கள். சிலர் பக்கத்தில் தெர்மாமீட்டரும் போடுவார்கள். நீங்கள் அதையும் போடவில்லை.

நிறத்துக்கு உலகம் முழுக்க ஒரு வழக்கம் இருக்கிறது. ஐஎஸ்ஓ 2575 என்ற தரம் இந்தப் படங்களுக்காகவே உள்ளது. சிவப்பு என்றால் ஆபத்து, மஞ்சள் என்றால் எச்சரிக்கை, பச்சை என்றால் வேலை சரியாக நடக்கிறது. என் காரில் பிரேக்கை மிதிக்கச் சொல்லும் பாதப் படமும் மஞ்சள், கிளட்ச் கருகும்போது வருகிற பல்சக்கரமும் மஞ்சள். இரண்டும் ஒரே அளவுக்கு எச்சரிக்கையா?

இரண்டு நாள் கழித்துத் தேனிக்குக் கொண்டுபோனேன். ஸ்கேனரைச் செருகினார்கள், பி0700 என்று ஒரு பழுதுக் குறியீடு வந்தது. “ஒன்றுமில்லை சார், குறியீட்டை அழித்துவிட்டோம், டிரைவிங் ஸ்டைல்தான் காரணம்” என்றார் அங்கிருந்த தம்பி. பி0700 என்பது கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரில் ஏதோ பதிவாகியிருக்கிறது என்று மட்டும் சொல்கிற பொதுவான குறியீடு. வாசலில் நிற்கும் பையன் “அப்பா கூப்பிடுறாரு” என்று சொல்வது மாதிரி. எதுக்குக் கூப்பிடுகிறார் என்று உள்ளே போய்க் கேட்க வேண்டும். அதைக் கேட்காமல் பையனை விரட்டிவிட்டார்கள். டிரைவிங் ஸ்டைல் என்றே வைத்துக்கொள்வோம். அந்த ஸ்டைல் இந்த வண்டிக்கு ஆகாது என்று டெலிவரி அன்று ஏன் சொல்லவில்லை? அன்று என் செல்போனைப் புளூடூத்தில் இணைக்க முக்கால் மணி நேரம் செலவழித்தீர்கள். மாலை போட்டீர்கள், கேக் வெட்டினீர்கள், பெரிய சாவி அட்டையைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்தீர்கள். பாட்டு இன்றைக்கும் நன்றாகத்தான் கேட்கிறது. கிளட்ச் கருகிக்கொண்டிருந்தபோதும் கேட்டது.

எங்கள் தோட்டத்துக்கு வாங்குகிற பூச்சிமருந்து பாட்டிலைக் கொஞ்சம் பாருங்கள். சில நூறு ரூபாய்ச் சாமான். அதன் மேல் சாய்ந்த சதுரம் ஒன்று இருக்கும். அதன் கீழ்ப்பாதி சிவப்பா, மஞ்சளா, நீலமா, பச்சையா என்று பார்த்தே விஷத்தின் கடுமை தெரிந்துவிடும். பள்ளிக்கூடம் போகாத ஆட்கள்கூட, மேல்பாதியில் மண்டையோடும் கீழே சிவப்பும் இருந்தால் கையுறை கேட்பார்கள். உள்ளே மடித்து வைத்த தாளில் வட்டார மொழியும் இருக்கும். விதிப்படி இருந்தாக வேண்டும். பாட்டிலுக்கு உண்டு, பல லட்ச ரூபாய்க் காருக்கு இல்லை.

2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 84-ஆம் பிரிவு, சரியாகப் பயன்படுத்தப் போதுமான அறிவுரை இல்லாத பொருளுக்கும் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்குகிறது. உங்கள் வக்கீல்களுக்குத் தெரியாதது இல்லை. மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. வழக்குப் போட எனக்கு நேரமும் கிடையாது, காய் எடுத்தாக வேண்டும்.

கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். தயவுசெய்து அந்த ஒரு தாள். தமிழ் ஒரு பக்கம், மலையாளம் மறுபக்கம். பூப்பாறையில் என் பக்கத்துத் தோட்டத்துச் சேட்டனும் உங்கள் காரைத்தான் வைத்திருக்கிறார். விளக்கு எரிந்தால் கோட்டயத்தில் படிக்கிற மகனுக்குப் போட்டோ அனுப்பிவிட்டுப் பதிலுக்காக ரோட்டோரம் நிற்கிறார். பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்தால் நல்லது, மலையில் எல்லாம் நனைகிறது. மோட்டார் பழுதானது, எண்ணெய் குறைந்தது எல்லாவற்றுக்கும் விளக்கம் வேண்டாம். ‘நில்’, ‘மெதுவாகப் போ’, ‘பயப்படாதே’ என்ற மூன்றுக்குள் அடக்கினால் போதும்.

அடுத்த சர்வீஸ் தை மாதம் வருகிறது. தாளைத் தேனியிலேயே கொடுத்து வையுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். சேட்டனுக்கும் ஒன்று சேர்த்து.

இப்படிக்கு,
போடியிலிருந்து ஒரு ஏலக்காய் விவசாயி