கூட்டுநிதியாகச் சேர்த்த பணத்துக்கும் வரிக்கணக்கு உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

முல்லைத்தீவுப் பாணியான 'முல்லை மோடி'க் கூத்தை ஒளிப்பதிவாக்க, கவிதைத் தொகுதி அச்சிட, குறும்படம் எடுக்க என்று வன்னியிலிருந்து இணையம் வழியாகப் பலரிடம் சிறு தொகைகளாகப் பணம் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். வரவேற்க வேண்டிய முயற்சி. ஆனால் "அது அன்பளிப்புத்தானே, அதற்கு ஏது வரி?" என்ற பேச்சும் கூடவே உலாவுகிறது. அது பிழையான பேச்சு. அதை நம்பிப் பற்றுச்சீட்டுகளைக் கைவிட்டவர்கள்தான் பிறகு இடர்ப்படுகிறார்கள்.

2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தில் 'வியாபாரம்' என்ற சொல்லுக்குப் பொருள் மிக அகலம். ஒரே ஒரு தடவை, எவ்வளவு குறுகிய காலத்துக்குச் செய்தாலும், வியாபாரத் தன்மை இருந்தால் அது வியாபாரம். வியாபாரம் தொடர்பாகக் கிடைக்கும் அன்பளிப்பையும் வருமானத்தில் சேர்க்கும்படி அதே சட்டம் சொல்கிறது. ஆகவே 5,000 ரூபா அனுப்பியவருக்குப் புத்தகம் கொடுத்தால் அது விற்பனை. "எனக்கு ஒன்றும் வேண்டாம், புத்தகம் வந்தால் போதும்" என்று அனுப்பியவரின் பணமும் அந்த வேலைக்காகவே வந்ததால் கணக்கில் ஏறும். தமக்கை வீட்டுச் செலவுக்கு அனுப்பும் காசு வேறு. திருப்பித் தருவதாக எழுதி வாங்கிய கடனின் முதலும் வருமானமல்ல. ஆனால் அந்தக் கடிதம் கையில் இருக்க வேண்டும்.

வரி என்றதும் பயப்படத் தேவையில்லை. வந்த முழுத்தொகைக்கும் வரி இல்லை. செலவு போக மிஞ்சுவதற்கே வரி. 2025/2026 மதிப்பீட்டு ஆண்டில் தனிநபர் நிவாரணம், அதாவது வரி இல்லாத வருமான அளவு, 18 இலட்சம் ரூபா. அதற்கு மேற்பட்ட முதல் 10 இலட்சத்துக்கு 6%, பிறகு ஒவ்வொரு 5 இலட்சத்துக்கும் 18, 24, 30%, எஞ்சியதற்கு 36%.

மாதம் 1,10,000 ரூபா சம்பளம் பெறும் ஆசிரியர் ஒருவர் 30 இலட்சம் சேர்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அச்சு, ஓவியம், தபால் எல்லாம் 22 இலட்சம். மிச்சம் 8 இலட்சம். ஆண்டுச் சம்பளம் 13,20,000 ஐயும் கூட்டினால் 21,20,000. நிவாரணம் போக 3,20,000. வரி 19,200 ரூபா. இதே ஆசிரியரிடம் செலவுக்கு ஒரு சான்றும் இல்லையென்றால் 25,20,000 ரூபா வரிக்கு உட்பட்டு, வரி 4,27,200 ரூபாவாகிவிடும். இரண்டுக்கும் இடையே நிற்பது ஒரு கோப்பு நிறைந்த பற்றுச்சீட்டுகள் மட்டுமே.

எங்கள் பக்கத்தில் இந்தக் கோப்புத்தான் அதிகம் சறுக்குகிறது. கூத்தைப் பழக்கும் அண்ணாவியாருக்கும் மத்தளக்காரருக்கும் உடுப்புத் தைத்தவருக்கும் காசு கையில்தான் போகிறது. அவர்களிடம் பற்றுச்சீட்டுப் புத்தகம் கிடையாது. அப்படியானால் கொடுப்பவரே ஒரு கொடுப்பனவுச் சீட்டு எழுத வேண்டும்: திகதி, பெயர், அடையாள அட்டை இலக்கம், செய்த வேலை, தொகை, கையொப்பம். வங்கி வழியாகக் கொடுத்தால் இன்னும் பலம். அச்சகம் பெறுமதி சேர் வரிக்கு (VAT) பதிவு செய்திருந்தால் சிட்டையில் 18% சேரும். அந்தப் பதிவுக்கான விற்பனை எல்லை பல கோடி ரூபா என்பதால் பணம் சேர்ப்பவர்களில் பெரும்பாலானோர் பதிவில் இருக்க மாட்டார்கள். ஆகவே அந்த 18 வீதத்தை அவர்கள் மீளப்பெற முடியாது, செலவாகவே எழுதலாம். ஒளிப்படக் கருவியை வாங்கினால் விலை முழுவதையும் ஒரே ஆண்டில் கழிக்க முடியாது. 5 இலட்சம் ரூபாக் கருவிக்கு ஆண்டுக்கு 1 இலட்சம் வீதம் 5 ஆண்டுகளுக்குக் கழிவு கிடைக்கும். ஒரு படத்துக்கு மட்டும் என்றால் வாடகைக்கு எடுப்பதே மேல்.

வரவை எழுதும்போதும் கவனம் வேண்டும். பணம் சேர்க்கும் இணையத்தளம் தன் கட்டணத்தையும் அட்டைக் கட்டணத்தையும் கழித்துக்கொண்டே பணத்தை அனுப்பும். வங்கியில் விழுந்த தொகையை மட்டும் வரவாக எழுதினால் தளத்தின் அறிக்கையோடு கணக்கு ஒத்துவராது. ஆதரவாளர்கள் தந்த முழுத்தொகையை வரவாகவும் கட்டணத்தைச் செலவாகவும் எழுதுங்கள்.

கிக்ஸ்டார்ட்டர் போன்ற தளங்களில் இலங்கையிலிருந்து நேரடியாகத் திட்டம் தொடங்க முடியாது. அதனால் ரொறன்ரோவில் இருக்கும் மைத்துனர் பெயரில் கணக்குத் திறப்பார்கள். அங்கேதான் இரண்டாவது சிக்கல். தளத்தின் பதிவில் பணம் அவருடையது. கனடாவின் வருமான முகவரகம் கூட்டுநிதியை எல்லாம் ஒரே வகையாகப் பார்ப்பதில்லை. நிலைமையைப் பொறுத்து அது கடனாகவோ அன்பளிப்பாகவோ வியாபார வருமானமாகவோ கொள்ளப்படும். நான்கு காலாண்டுகளில் விற்பனை 30,000 டொலரைத் தாண்டினால் அங்கு பொருள் சேவை வரிக்கும் பதிவு வேண்டும். "இன்னாருக்காக முகவராகப் பணம் பெறுகிறேன், கட்டணம் போக முழுவதையும் அவருக்கு அனுப்புவேன்" என்று சேகரிப்புத் தொடங்கும் முன்னரே இருவரும் கையொப்பமிட்ட உடன்படிக்கை, தளத்தின் அறிக்கை, அனுப்பிய வங்கிச் சான்று ஆகிய மூன்றும் அவரிடம் இருக்க வேண்டும். பிறகு எழுதிய கடிதத்துக்கு மதிப்புக் குறைவு. அவரும் அங்குள்ள கணக்காளரிடம் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

எமது மதிப்பீட்டு ஆண்டு ஏப்ரல் 1 தொடங்கி மார்ச் 31 இல் முடிகிறது. பெப்ரவரியில் பணம் வந்து ஜூனில் அச்சடித்தால், வரவு ஓர் ஆண்டிலும் செலவு மறு ஆண்டிலும் விழுந்து, இல்லாத இலாபத்துக்கு வரி கேட்கப்படும் அபாயம் உண்டு. சேகரிப்பைச் சித்திரைக்குப் பிறகு தொடங்கினால் இந்தத் தலையிடி பெரும்பாலும் இல்லை.

சனசமூக நிலையத்தின் கணக்கில் வாங்கினால் வரி இல்லை என்பதும் தவறான எண்ணம். 18 இலட்சம் நிவாரணம் தனிநபருக்கு உரியது, அமைப்புக்கு அல்ல.

உள்நாட்டு இறைவரித் திணைக்களம் கூட்டுநிதிக்கென்று எளிய தமிழில், கூத்தும் புத்தகமும் உதாரணமாக வரும் ஒரு விளக்கக் கையேட்டை அச்சிட்டு கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டப் பிரதேச செயலகங்களில் வைக்க வேண்டும் என்று உங்கள் பத்திரிகை மூலம் கேட்டுக்கொள்கிறோம். அதுவரை 1944 என்ற இலக்கத்தில் திணைக்களத்தை அழைத்துக் கேட்கலாம். 2025/2026 ஆண்டின் மீதி வரியைச் செலுத்தும் கடைசி நாள் 2026 செப்டெம்பர் 30. ஆண்டு வருமானத்தைக் காட்டும் விபரத்திரட்டை ஒப்படைக்க நவம்பர் 30. வரி அடையாள இலக்கம் இல்லாதவர்கள் முதலில் அதை எடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
கணக்காளர்கள் இருவர்,
கிளிநொச்சி.