எடுப்பு நேரத்தை முகநூலில் தேட வைக்காதீர்கள்

ரங்கூன் கோயில் நிர்வாகக் குழுப் பெரியவர்களுக்கு, பெகுவிலிருந்து வணக்கம்.

போன மாதம் என் அத்தை தவறியதை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மகன் மலேசியாவில் இருக்க, பாடை கட்டியது முதல் சாம்பல் கரைத்தது வரை எல்லாவற்றையும் நீங்களே முன்னின்று செய்தீர்கள். என் குடும்பம் அதை மறக்காது. ஆனால் ஒன்றை மனதில் வைத்துப் புழுங்குவதைவிட எழுதிவிடுவது நல்லது என்று பட்டது.

காலை ஏழரைக்குச் செய்தியை முகநூலில் போட்டீர்கள். மாலை நான்குக்கு அத்தையை எடுத்துவிட்டீர்கள். நான் பார்த்தது மறுநாள் இரவு ஒன்பதரைக்கு.

எங்கள் தெருவுக்கு அப்போதுதான் கரண்ட் வந்திருந்தது. அடைத்து வைத்திருக்கும் முகநூலைத் திறக்கும் விபிஎன் இரண்டு முறை அறுந்து மூன்றாவது முறை பிடித்தது. பக்கம் திறந்ததும் முதலில் வந்தவை கைகூப்பும் பொம்மைகள். அவற்றோடு ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று ஒன்றன்கீழ் ஒன்றாக நாற்பது பேர். யாருக்கு இரங்கல் என்று தெரியவில்லை. படம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் கட்டமும், நடுவில் சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டமும்தான். அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. குத்துவிளக்கு, மாலை, அப்புறம் திருநீறு பூசிய நெற்றி. நெற்றியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அது என் அப்பாவின் நெற்றி.

அப்பாவும் சித்தப்பாவும் போன பிறகு அத்தைக்குப் பிறந்த வீடு என்றால் நான்தான். பிறந்த வீட்டுக் கோடித் துணி என் கையால் விழுந்திருக்க வேண்டும். சடங்கு செய்தவர் “கோடி எங்கே?” என்று கேட்டாராம். யாரும் பேசாமல் நின்றபோது, பக்கத்து வீட்டுப் பர்மியப் பெண் உள்ளே போய், பர்மியப் பெண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் தமெய்ன், கட்டாமல் வைத்திருந்த புதுசு ஒன்றை எடுத்து வந்து போர்த்தினாராம். அந்த மனுஷிக்கு நான் ஆயுசுக்கும் கடமைப்பட்டவன். ஆனாலும் அது நான் போட வேண்டிய கோடி. பதினாறாம் நாள் காரியத்துக்குச் சேலை வாங்கிப் போய்ப் படத்துக்கு முன்னால் வைத்தேன். வேறென்ன செய்ய முடியும்?

பெகுவிலிருந்து ரங்கூனுக்கு பஸ்ஸில் இரண்டு மணி நேரம். காலையில் ஒரே ஒரு போன் வந்திருந்தால் மத்தியானத்துக்குள் வந்து நின்றிருப்பேன். என் எண் உங்களிடம் இல்லை என்று சொல்ல முடியாது. திருவிழாச் சந்தாவுக்கு வருஷம் தவறாமல் அதே எண்ணில்தான் கூப்பிடுகிறீர்கள். சந்தாவுக்குக் கூப்பிடத் தெரிந்தவர்களுக்குச் சாவுக்குக் கூப்பிடத் தோன்றவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

நான் கேட்பது ஒன்றுதான். துக்கச் செய்தியை முதலில் போனில் சொல்லுங்கள். அதற்குப் பிறகு முகநூலில் போடுங்கள்.

பன்னிரண்டு வருஷமாக போன் கடை வைத்திருப்பவன் என்பதால் சொல்கிறேன். 2014இல் சிம் விலை 1500 கியாட்டுக்கு இறங்கியபோது சனங்கள் போனையும் முகநூலையும் ஒன்றாகத்தான் வாங்கினார்கள். இன்டர்நெட் என்றாலே அவர்களுக்கு முகநூல்தான். அன்றைக்கு எல்லாச் செய்தியையும் நீங்கள் அங்கே கொண்டுபோனது சரி. ஆனால் 2021 பிப்ரவரியில் முகநூலை அடைத்தார்கள். 2024 நடுவிலிருந்து விபிஎன்களையும் ஒவ்வொன்றாக அடைத்து வருகிறார்கள். காலம் மாறிவிட்டது, உங்கள் வழக்கம் மாறவில்லை.

வயதான அம்மாக்கள் கடைக்கு வந்து, “தம்பி, கோயில் சேதி பார்க்கணும், அந்த விபிஎன்னைப் போட்டுக் கொடு” என்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. வழியில் போனை வாங்கி, விபிஎன் இருக்கிறதா என்று சோதிக்கும் காலம் இது. எழுபது வயதுக்காரி என்ன பதில் சொல்வாள்? இழவுச் செய்தி பார்க்க ஒருத்தர் இந்த ஆபத்தைச் சுமக்க வேண்டுமா?

அப்படியே போட்டுக் கொடுத்தாலும், முகநூல் பதிவுகளை நேர வரிசையில் காட்டுவதில்லை. யாருடைய பிறந்தநாள் கேக்கோ மேலே நிற்கும், நேற்றைய மரணம் நாளைக்கு வரும். படத்துக்குள் பொடி எழுத்தில் எழுதியிருப்பதைப் படிக்கும் கண்ணும் அவர்களுக்கு இல்லை.

குறுஞ்செய்திக்கு இந்தத் தொல்லை ஒன்றும் கிடையாது. தமிழிலோ பர்மியிலோ ஒரு செய்தியில் 70 குறிகள் அடங்கும், புள்ளியும் கொம்பும் தனித்தனிக் கணக்கு. “அத்தை காலமானார். இன்று மாலை 4 மணிக்கு எடுப்பு.” எண்ணிப் பார்த்தேன், 46தான். ஊர் பெயருக்கும் இடம் மிச்சம். சில பழைய போன்களில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரியும், அவர்களை மட்டும் கூப்பிட்டுச் சொன்னால் போதும்.

முன்பெல்லாம் துக்கம் சொல்ல சைக்கிளில் ஆள் போவார். வாசலில் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, தலையைக் குனிந்தபடி சொல்வார். தண்ணீர்கூடக் குடிக்காமல் அடுத்த வீட்டுக்குப் போவார். இப்போது திருவிழாவை நேரலையில் காட்ட கேமரா வாங்கியிருக்கிறோம், தீபாராதனை நேரத்தில் சாமியை மறைத்துக்கொண்டு ஐம்பது போன்கள் உயர்ந்து நிற்கின்றன, ஆனால் சாவு வீட்டுக்கு ஆள் சொல்லிவிட ஒருவரும் இல்லை. சுடுகாட்டில்கூட ஒரு பையன் லைவ் போட்டானாம். என் அத்தை எரிவதை முன்பின் தெரியாதவர்கள் பார்த்திருக்கிறார்கள். நான் பார்க்கவில்லை. உங்களில் ஒருவராவது அவன் கையைப் பிடித்து இறக்கியிருக்கக் கூடாதா?

மன்னிக்கவும், எங்கேயோ போய்விட்டேன். பையன்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. குழுவில் எல்லோரும் வேலைவெட்டியை விட்டுவிட்டுத்தான் கோயிலுக்கு உழைக்கிறீர்கள், அது எனக்குத் தெரியும்.

தலைவர் ஐயாவும் செயலாளர் அண்ணனும் அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துப் பேச வேண்டும் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். துக்கச் செய்தி முதலில் போனில் வரட்டும். இறந்தவருக்குப் பிறந்த வீடு எது, பங்காளி யார் என்று விசாரித்து அவர்களுக்குத் தவறாமல் சொல்லுங்கள். கோயில் வாசல் கரும்பலகையிலும் பழையபடி எழுதிப் போடுங்கள்.

ஆள் இல்லை என்றால், பெகுப் பக்கத்து எண்களை என்னிடம் கொடுங்கள். கடை காலை ஆறரைக்கே திறந்துவிடும், நானே ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்கிறேன். போன் செலவும் என்னுடையது.

பணிவுடன்,
பெகு போன் கடைக்காரன், உங்கள் சந்தாதாரன்